மலைக்கு வரும் விருந்தினரும் மரியாதை என்னும் காப்பும்

(மூணாறில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

நாளெல்லாம் கொழுந்தெடுத்துக் களைத்த உடம்போடும், நாளெல்லாம் வளைவுகளில் ஸ்டியரிங் பிடித்துச் சலித்த கைகளோடும் இந்த மண்டபத்தில் வந்து அமர்ந்திருக்கிறீர்கள். அப்படி வந்தவர்களிடம் அலங்கார வார்த்தைகளைக் கொட்டிவிட்டுப் போவது தர்மம் ஆகாது. ஆகவே உங்கள் ஜீவனத்தோடும், சில வேளைகளில் உங்கள் பிராணனோடும் சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்தையே இன்று பேச எடுத்துக்கொண்டேன். நம் மலையைப் பார்க்க வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிற விருந்தினர்கள் இங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும், அவர்களுக்கு நாம் எதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதே அந்த விஷயம்.

நம் மலை என்று எதைச் சொல்கிறேன்? பாலக்காட்டு நெல்லியாம்பதியில் தொடங்கிப் பரம்பிக்குளத்தைத் தழுவி, ஆனைமலையின் தோள்மீது ஏறி, சின்னாறு, மறையூர், மூணாறு, சூரியநெல்லி என்று நீண்டு, தேனி மாவட்டத்துக் குரங்கணியில் இறங்குகிற இந்தப் பிரதேசம் முழுவதையும்தான் சொல்கிறேன். இதன்மேல் இரண்டு மாநிலங்களின் எல்லை வளைந்தும் நெளிந்தும் ஓடுகிறது. பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்துக்குச் சொந்தம். ஆனால் காரில் அங்கே போக வேண்டுமானால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டு வழியாகத்தான் போக வேண்டும். கொழுக்குமலை தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் ஜீப் ஏறுவது இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலிருந்து. இப்படி ஒருவர் வீட்டு வாசல் வழியாக இன்னொருவர் வீட்டுக்குள் போகிற பிரதேசத்தில், வருகிறவருக்கு மரியாதை தெரியாவிட்டால் என்ன ஆகும்?

மரியாதை வேறு, பாதுகாப்பு வேறு என்று அநேகர் எண்ணியிருக்கிறார்கள். மரியாதை என்பது பிறர் மனம் நோகாமல் இருப்பதற்கு. பாதுகாப்பு என்பது தன் கால் முறியாமல் இருப்பதற்கு. சமவெளியில் இப்படிப் பிரித்துப் பேசலாம். மலையில் முடியாது. மலையில் மரியாதையே பாதுகாப்பு. எந்த இடத்தில் ஒருவன் மரியாதையை மறந்தானோ, அந்த இடத்திலேயே அபாயம் அவனைப் பிடித்துக்கொள்கிறது. இந்த ஒன்றைத்தான் இன்று பல உதாரணங்களால் உங்கள் முன் நிரூபிக்க விரும்புகிறேன்.

முதல் உதாரணம் வெகுதூரத்திலிருந்து வரட்டும். ஜப்பான் தேசத்தின் வடகோடியில் ஹொக்கைடோ என்று ஒரு பெருந்தீவு. அதிலே நிசேகோ என்று ஒரு மலையூர். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து புறப்படும் கடுங்குளிர்க் காற்று, ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து அங்குள்ள மலைகளில் மோதிப் பஞ்சுபோன்ற பனியாகக் கொட்டிவிடுகிறது. நமக்கு அரபிக்கடலின் ஈரத்தை ஆனி, ஆடி மாதங்களில் மழையாகக் கொண்டுவந்து கொட்டுகிற அதே ஏற்பாடுதான். அங்கே பனி, இங்கே மழை. அந்தப் பனியில் நீண்ட பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு சறுக்கி விளையாட உலகத்தின் நானா திசைகளிலிருந்தும் ஜனங்கள் போகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த வித்தையை ஜப்பானியருக்கு முறையாகக் கற்பித்தவரே ஒரு விருந்தினர்தான். 1911-ஆம் ஆண்டில் தியோடோர் ஃபான் லெர்ஹ் என்னும் ஆஸ்திரிய ராணுவ அதிகாரி நீகாதா மாநிலத்துத் தக்காதா நகரில் ஜப்பானியப் படைவீரர்களுக்குப் பனிச்சறுக்கைப் பயிற்றுவித்தார். பிற்பாடு 1972-இல் சப்போரோவிலும் 1998-இல் நாகானோவிலும் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. பின்பு ஆஸ்திரேலியரும் பிறரும் கூட்டம் கூட்டமாக நிசேகோவுக்கு வந்தார்கள்.

வந்தவர்கள் என்ன செய்தார்கள்? சறுக்குவதற்கென்று ஒழுங்கு செய்த பாதையோரம் கயிறு கட்டியிருந்தால், அந்தக் கயிற்றின் கீழே குனிந்து நுழைந்து, யாரும் தொடாத புதுப் பனியைத் தேடிப் போனார்கள். புதுப் பனியில்தானே சௌந்தரியம்! ஆனால் அங்கேதான் பனிச்சரிவு. அங்கேதான் மரத்தின் அடியைச் சுற்றி இளம்பனி மூடி மறைத்திருக்கும் குழிகள். அவற்றில் தலைகீழாக விழுந்தவன் தானாக எழுந்திருப்பது அரிது. ஊரார் என்ன செய்தார்கள்? மலையை அடைத்து மூடிவிட்டார்களா? வந்தவர்களைத் திட்டித் துரத்தினார்களா? இரண்டும் இல்லை. மலையுச்சியில் குறிப்பிட்ட இடங்களில் வாயில்களை வைத்தார்கள். வாயில் திறந்திருந்தால், உன் பொறுப்பில் நீ போகலாம். மூடியிருந்தால், எவனும் போகக்கூடாது. கயிற்றுக்குக் கீழே நுழைவது எந்நாளும் கூடாது. அகியோ ஷின்யா என்னும் மலை வல்லுநர் காற்றையும் பனியையும் கவனித்துத் தினந்தோறும் காலையில் அபாய அறிவிப்பு எழுதுகிற வழக்கத்தை அங்கே நிலைநாட்டினார். அதை ஜப்பானிய மொழியில் மட்டும் எழுதிவைத்துவிட்டு, படிக்கத் தெரியாதவன் பாடு என்று விட்டுவிடவில்லை. வருகிறவனுக்குப் புரியும் ஆங்கிலத்திலும் அறிவித்தார்கள். எல்லை மீறிப் போனவனைத் தேடிக் கொண்டுவரும் செலவை அவனிடமே பெற்றுக்கொள்ளும் ஊர்களும் அந்நாட்டில் உண்டு.

சிலர் கேட்கலாம்: தேர்ந்த வீரனுக்கும் இந்தக் கட்டுப்பாடு எதற்கு? 2023 ஜனவரி மாதக் கடைசியில் நாகானோ மாநிலத்து ஹக்குபா மலைப்பக்கம், ஒழுங்கு செய்த பாதைகளுக்கு அப்பால் ஒரு பனிச்சரிவு நிகழ்ந்தது; வெளிநாட்டார் இருவர் மாண்டனர். அவர்களில் ஒருவர் பனிச்சறுக்கில் உலக வாகையர் பட்டமே வென்ற அமெரிக்கர். திறமை அவரைக் காக்கவில்லை. பனிக்குப் பட்டம் தெரியாது.

இனி, அந்தப் பனிமலையின் விதிகளில் ஒன்றை மட்டும் நீங்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு பத்து விதிகளை வகுத்திருக்கிறது. அவற்றில் ஒன்று, மேலிருந்து வருகிறவன் கீழே இருப்பவனுக்கு வழிவிட்டுப் போக வேண்டும் என்பது. ஏன்? மேலே இருப்பவனால் கீழே இருப்பவனைப் பார்க்க முடியும். கீழே இருப்பவனுக்கு முதுகில் கண் இல்லை. மேலே இருப்பவனிடம் வேகம் இருக்கிறது. கீழே இருப்பவனிடம் அது இல்லை. எவனிடம் வேகமும் பார்வையும் இருக்கின்றனவோ, அவனே விலக வேண்டும்.

இதே விதி நம் மலைச்சாலையிலும் இருக்கிறதே, நீங்கள் அறியாததா? குறுகலான மலைச்சாலையில் இறங்கி வருகிற வண்டி, ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சாலை விதி. மறையூர் ரோட்டிலும், நெல்லியாம்பதிக் கொண்டை ஊசி வளைவுகளிலும், நீங்கள் தினந்தோறும் கைக்கொள்ளும் விதி. ஏறுகிறவன் நின்றுவிட்டால் பாரத்தோடு மறுபடி நகர்வது கஷ்டம். இறங்குகிறவன் நின்றால் அவனுக்கு நஷ்டம் ஒரு நிமிஷம்தான். எங்கோ பனியில் சறுக்குகிறவர்களும், இங்கே தேயிலை லாரி ஓட்டுகிறவர்களும், ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே நியாயத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். பலம் உள்ளவன் வழிவிடுக! இதுதான் மலையின் மரியாதை. இதுதான் மலையின் பாதுகாப்பும்.

ஆனால் இங்கே நடப்பது என்ன? தேவிகுளம் கேப் ரோட்டில், ஓடுகிற காரின் ஜன்னல்மேல் உட்கார்ந்து, உடம்பை வெளியே நீட்டிக் கூச்சலிட்டுப் போகிற இளைஞர்கள்மேல் மோட்டார் வாகனத்துறை நடவடிக்கை எடுத்த செய்திகளைப் பத்திரிகையில் படிக்கிறோம். எதிரே பால் வண்டி வருகிறதா, பள்ளிப்பிள்ளைகளை ஏற்றிய ஜீப் வருகிறதா என்ற சிரத்தை அவர்களுக்கு இல்லை. இந்தச் சாலை தங்களுக்குக் காட்சி. இங்கு வாழ்பவர்களுக்கோ ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி என்பதை அவர்களுக்கு யார் சொல்வது?

சாலையை விட்டுக் காட்டுக்குள் வருவோம். காட்டில் பலம் உள்ளவர் யார்? யானை. அங்கே அது வழிவிடாது. நாம்தான் விட வேண்டும். அப்படியானால் நான் சொன்ன நியாயம் தலைகீழாகிவிட்டதா? ஆகவில்லை. யானை தன் வழியில் போகிறது. மோட்டாரும் விளக்கும் ஹாரனும் கொண்டு, அதன் வழியில் குறுக்கே வந்தவர்கள் நாம். போகலாமா, நிற்கலாமா என்று யோசித்து முடிவு செய்யும் சக்தி நம்மிடம்தான் இருக்கிறது. அந்தச் சக்தி உள்ளவன்தான் நிற்க வேண்டும்.

2025 பிப்ரவரி 4-ஆம் தேதி மாலையில், பொள்ளாச்சி-வால்பாறை மலைச்சாலையில் ஒரு காட்டு யானை சாலையோரம் நின்றது. மற்ற வாகனங்கள் நின்றுவிட்டன. ஜெர்மனி தேசத்திலிருந்து வந்த, எழுபது வயதைக் கடந்த விருந்தினர் ஒருவர், மோட்டார் சைக்கிளில் அதைக் கடந்துபோக முயன்றார். யானை அவரைத் தாக்கிற்று; அவர் உயிர் இழந்தார். அவரைக் குறை கூறுவதற்காக இதை நான் சொல்லவில்லை. எத்தனையோ ஆயிரம் மைல் கடந்து நம் மலையைப் பார்க்க வந்தவர், நம் மலையிலே மாண்டார் என்றால் அது நமக்கும் துக்கமே. அவருடைய தேசத்தில் சாலையில் யானை நிற்பதில்லை. யானை காதை விரித்தால் என்ன, வாலை உயர்த்தினால் என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயம் இல்லை. இங்கே பிறந்த குழந்தைக்குத் தெரிந்தது, அங்கே கற்றறிந்த முதியவருக்குத் தெரியாது. அப்படியானால் சொல்லிக் கொடுக்கும் கடமை யாருடையது?

மூணாறில் ஒரு கொம்பனுக்கு ஜனங்கள் செல்லமாகப் படையப்பா என்று திரைப்படத்தின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். அது சாலையில் வந்தால் பயணிகள் சுற்றிக் கூடுகிறார்கள், செல்போனை நீட்டுகிறார்கள், விளக்கடிக்கிறார்கள். “அண்ணே, இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்க, ஒரே ஒரு போட்டோ!” என்று ஓட்டுநரின் தோளைத் தட்டுகிறார்கள். நல்ல ஓட்டுநர் என்ன சொல்வார்? “இல்ல சார், அது முதல்ல போகட்டும், அப்புறம் நாம போவோம்.” இந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு அன்றைக்குக் கிடைக்கவேண்டிய பக்ஷீஸ் போய்விடலாம். ஆனால் அந்த வாக்கியத்தில் ஒரு ஜீப் முழுவதின் ஆயுளும் அடங்கியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்லாறில் ஊராட்சியின் குப்பை சேரும் இடத்துக்கு இதே யானை வந்து உணவு தேடுவதைப் பார்த்திருக்கிறோம். அந்தக் குப்பையில் விடுதிகளில் மிஞ்சிய சோறு எவ்வளவு, பயணிகள் வீசிய பொட்டலம் எவ்வளவு! மனிதன் உண்டதன் ருசியை ஒரு யானை அறிந்துவிட்டால், பிறகு அதன் வழி காட்டை விட்டு ஊருக்குத் திரும்பிவிடும். சின்னக்கானலில் அரிசி தேடி ரேஷன் கடைகளை உடைத்த அரிக்கொம்பன் என்னும் யானையை, 2023 ஏப்ரலில் மயக்கி ஏற்றிப் பெரியாற்றுக் காட்டில் விட்டார்கள். அது மே மாதம் கம்பம் நகர வீதியிலே வந்து நின்றது. ஜூனில் மறுபடி பிடித்து முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோனார்கள். எறிகிற கைக்கு அது ஒரு பொட்டலம். யானைக்கோ அது வாழ்வின் திசையையே மாற்றிவிடுகிறது.

வரையாட்டின் விஷயத்துக்கு வருவோம். இரவிகுளம் தேசியப் பூங்கா 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. 1975-இல் சரணாலயமாகி, 1978-இல் தேசியப் பூங்காவாயிற்று. தென்னாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய, 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி அதனுள்ளே நிற்கிறது. அந்தப் பூங்காவின் இராஜமலையில் வரையாடுகள் மனிதரைக் கண்டு மிரளாமல் பக்கத்திலே மேய்கின்றன. அவை நம்மை நம்புவதற்குக் காரணம், பல தலைமுறைகளாக அவற்றை யாரும் அங்கே சுடாமல் காத்ததுதான். இதை யார் தொடங்கினார்கள்? 1928-இல், இங்கே தோட்டம் போட வந்த வெள்ளைக்காரத் துரைமார்களே, வேட்டையில் மிகுந்த பிரியம் உள்ளவர்களே, வேட்டைக்கு வரம்பு கட்ட ஒரு பாதுகாப்புச் சங்கம் அமைத்தார்கள்; முதுவர் குலத்து மனிதர்கள் காவலராக நின்றார்கள். வேட்டையாடுகிறவனே தன் துப்பாக்கிக்குத் தானே விதி எழுதிக்கொண்டான். கையில் துப்பாக்கி வைத்திருந்த விருந்தினனால் அது முடிந்தது என்றால், கையில் செல்போன் வைத்திருக்கும் விருந்தினனால் முடியாதா?

வரையாடு குட்டி ஈனும் பருவத்தில், வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், இராஜமலை வாயிலை மூடிவிடுகிறார்கள். “இவ்வளவு தூரம் வந்தோமே, திறக்கமாட்டீர்களா?” என்று சண்டை பிடிக்கிற பயணிகளைக் காணலாம். மூடிய வாயிலும் மலையின் காட்சியே என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அது மூடியிருப்பதால்தான் அடுத்த ஏப்ரலில் பார்ப்பதற்கு அங்கே குட்டிகள் இருக்கின்றன.

அன்பர்களே, இப்போது துயரமான ஒரு நாளை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த இரண்டு மலையேற்றக் குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களிலிருந்தும் வந்தவர்கள், பெரும்பாலும் இளைஞர்கள், அவர்களில் பெண்கள் பலர். அன்று மாண்டவர்களும், ஆஸ்பத்திரியில் சில நாள், சில வாரம் போராடி மாண்டவர்களுமாக இருபத்துமூன்று பேர். இருபத்துமூன்று வீடுகள்!

ஏன் நடந்தது? மார்ச் மாதத்தில் அந்தச் சரிவு முழுதும் ஆளுயரப் புல் காய்ந்து கிடக்கும். தீ சமவெளியில் ஊர்ந்து போகும். சரிவிலோ மேல்நோக்கித் தாவி ஓடும். கீழே எரியும் நெருப்பின் அனல், மேலே இருக்கும் புல்லை முன்னதாகவே காயவைத்திருக்கும். காற்றும் பகலில் சரிவின் மேல்நோக்கியே வீசும். ஆகையால் மலைத்தீயை முந்திக்கொண்டு மேல்நோக்கி ஓடி எவனும் தப்புவது அரிது. எரிந்து முடிந்த கரிநிலமும், பாறைவெளியும்தான் அடைக்கலம். இவை யாவும் குரங்கணியில் ஆடு மேய்க்கிறவருக்குத் தெரியும். அந்தக் குழுக்களுக்கோ உரிய அனுமதியும் இல்லை, கூடவே வர வனத்துறை வழிகாட்டியும் இல்லை. அனுமதி என்பதைச் சர்க்கார் ஆபீஸில் முத்திரை குத்தும் சம்பிரதாயம் என்று நினைத்துவிடுகிறோம். அனுமதி கேட்பது என்றால், இன்று இந்த மலை எப்படி இருக்கிறது என்று மலையை அறிந்தவனிடம் விசாரிப்பது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் போவது அவமரியாதை. அந்த அவமரியாதையின் விலை அன்றைக்கு அத்தனை பெரிதாக இருந்தது.

அன்று முதன்முதலில் உதவிக்கு ஓடியவர்கள் யார்? ஹெலிகாப்டர்களும் கமாண்டோப் படையும் பிறகு வந்தன. முதலில் மலையேறி, வெந்த உடல்களைப் போர்வையில் சுமந்து இறக்கியவர்கள் குரங்கணிக் கிராமத்து ஜனங்கள். அந்த விபத்துக்குப் பின்னர்தான் தமிழ்நாட்டில் 2018-ஆம் ஆண்டு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் நாற்பது வழிகளை வகுத்து, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு அழைத்துச் செல்லும் திட்டமும் தொடங்கிற்று. நல்லது, வரவேற்போம். ஆனால் ஒரு விதி பிறப்பதற்கு இத்தனை பேர் மாள வேண்டுமா?

அடுத்து, பாலக்காட்டுப் பக்கம் மலம்புழைக்கு வாருங்கள். 2022 பிப்ரவரியில், சேராடு என்னுமிடத்துச் செங்குத்தான மலையில் ஏறிய உள்ளூர் இளைஞர் ஒருவர், கால் வழுக்கிப் பாறையிடுக்கில் சிக்கிக்கொண்டார். மேலேயும் போக முடியாது, கீழேயும் வர முடியாது. உணவும் தண்ணீரும் இல்லாமல் நாற்பது மணி நேரத்துக்கு மேல் அவர் அங்கே இருந்தார். கடலோரக் காவற்படையின் ஹெலிகாப்டர் வந்தது, நெருங்க முடியவில்லை. கடைசியில் வெலிங்டனிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த ராணுவ வீரர்கள் இரவோடிரவாக மலையேறி, கயிற்றில் இறங்கி, பிப்ரவரி 9-ஆம் தேதி காலையில் அவரைத் தூக்கி மேலே சேர்த்தார்கள். நாடே பார்த்து மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஓர் உயிரை மீட்க எத்தனை உயிர்கள் அந்தக் கயிற்றில் தொங்கின! என் உயிர், என் இஷ்டம் என்று மலையில் எவனும் சொல்ல முடியாது. அவன் விழுந்தால் அவனைத் தேடி இன்னொருவன் இறங்கியே தீருவான். ஆகவே உன் உயிரை ஜாக்கிரதையாக வைத்துக்கொள்வதுகூட, உன்னைத் தேடி வரப்போகிறவனுக்கு நீ செய்யும் மரியாதைதான்.

நெருப்பைச் சொன்னேன், பாறையைச் சொன்னேன், மழையைச் சொல்லாமல் விடலாமா? பெட்டிமுடியை இந்த ஊரில் நான் விவரிக்க வேண்டியதில்லை. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மலை சரிந்து தொழிலாளர் குடியிருப்பு லயங்களை மூடியது. எழுபது பேர் போனார்கள். எல்லாரும் நம் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்ததால் மறுநாள் காலையில்தான் வெளியுலகம் அறிந்தது. அந்தத் துக்கத்தை அனுபவித்த ஊருக்கு, சிவப்பு எச்சரிக்கை என்றால் என்ன என்று தெரியும். ஆனால் அதே எச்சரிக்கை நாளில், மாவட்ட நிர்வாகம் இரவுப் பிரயாணத்தைத் தடுக்கும்போது, “ரூமுக்கு முன்பணம் கட்டிவிட்டோம், எப்படியாவது கொண்டுபோய்ச் சேருங்கள்” என்று அடிவாரத்தில் நின்று வாதாடுகிறவர்கள் உண்டு. முன்பணத்தை வாங்கியவர்களே, தயவுசெய்து அதைத் திருப்பிக் கொடுங்கள். அல்லது வேறொரு தேதிக்கு மாற்றிக் கொடுங்கள். அதைவிட மலிவான உயிர்க்காப்பு வேறு கிடையாது.

மலைக்கு மரியாதை என்றேன். மலையில் வாழும் மனிதர்க்கு மரியாதை வேண்டாமா? கொழுந்தெடுக்கும் பெண்ணின் முன்னால் காரை நிறுத்தி, ஒரு வார்த்தை கேட்காமல், முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுகிறார்கள். அவள் கூடையைத் தாங்கள் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு படம் எடுக்கிறார்கள். அவள் அன்றைய கிலோக் கணக்கை எட்ட முடியாமல் தவிப்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. 2015 செப்டம்பரில் இதே மூணாறு வீதியில் அமர்ந்து, யாருடைய தலைமைக்கும் காத்திராமல், போனஸுக்காகப் போராடி வெற்றி கண்ட பொம்பிளை ஒருமைப் பெண்கள் அல்லவா இவர்கள்! இவர்கள் இயற்கைக் காட்சியின் ஒரு பகுதியா? “அம்மா, ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டால் போதும், சிரித்துக்கொண்டே சம்மதிப்பார்கள், அல்லது “வேணாம்பா, நேரமாச்சு” என்பார்கள். இரண்டும் நல்ல பதில்களே. ஜப்பானில் பொதுக் குளியல் ஊற்றுக்குள் இறங்குமுன் உடம்பைக் கழுவிக்கொண்டுதான் இறங்க வேண்டும். வீட்டுக்குள் செருப்போடு நுழையக்கூடாது. அந்த வழக்கங்களை நம் நாட்டவரும் அங்கே போனால் சிரத்தையோடு கற்றுக்கொண்டு அனுசரிக்கிறார்கள். அதே மனிதர் இங்கே லயத்து வாசலில் குப்பையைப் போட்டுவிட்டுப் போவது ஏன்? அங்கே சொல்லிக் கொடுக்கிறார்கள். இங்கே நாம் சொல்லிக் கொடுப்பதில்லை.

இங்கேதான் நம் பங்கு வருகிறது. விருந்தோம்பல் என்றால், வந்தவன் கேட்டதையெல்லாம் கொடுப்பது என்று நாம் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். திருவள்ளுவர் விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரம் வகுத்தவர். அவரே, அஞ்சத்தக்கவற்றுக்கு அஞ்சுவதை அறிவுடைமை என்னும் அதிகாரத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் மலைநாட்டு விருந்தோம்பல் விளங்கும். அஞ்சத்தக்கது எது என்று அறியாத விருந்தினனுக்கு, அதை அறிந்த வீட்டுக்காரன் சொல்லிக் கொடுக்க வேண்டும். மார்ச் மாதத்தில் புல்வெளியோரம் தீ மூட்டி ஆட விடுதிக்காரர் இடங்கொடுத்தால் அது விருந்தோம்பலா? மீசைப்புலிமலைக்கு வன வளர்ச்சிக் கழகத்தின் முறையான வழி இருக்க, “குறுக்கு வழி எனக்குத் தெரியும்” என்று ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு அழைத்துப் போனால் அது உபகாரமா? மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவனிடம் விருந்தினன் பத்திரமாக இருக்க முடியாது.

பரம்பிக்குளத்தைப் பாருங்கள். அங்கே காடர், மலசர், முதுவர் குலத்து இளைஞர்கள் வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். சொந்த வண்டியை நிறுத்திவிட்டு, அவர்களோடு சரணாலய வண்டியில் ஏறித்தான் காட்டைப் பார்க்க வேண்டும். எங்கே நிற்பது, எங்கே பேசாதிருப்பது, எப்போது திரும்புவது என்பதை அந்த இளைஞர் சொல்கிறார். பெரிய உத்தியோகத்தில் இருக்கிறவரும் கேட்கிறார். காட்டை அறிந்தவன் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். பணம் உள்ளவன் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். பலம் உள்ளவன் வழிவிடுக என்று சொன்னேனே, அது இதுதான். பணமும் ஒரு பலம். அவசரமும் ஒரு பலம். கூட்டமும் ஒரு பலம். இவையெல்லாம் மலையில் விலகி நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆகவே நான் உங்களை வேண்டிக்கொள்வது மூன்றே காரியங்கள். முதலாவது, எச்சரிக்கைப் பலகைகள் மலையாளத்தோடும் ஆங்கிலத்தோடும் நின்றுவிடாமல், தமிழிலும் இந்தியிலும் எழுதப்பட வேண்டும். “கூடாது” என்று மட்டும் எழுதாமல், ஏன் கூடாது என்று ஒரு வரியும் சேர்க்க வேண்டும். இரண்டாவது, நிசேகோவில் போலக் காலைதோறும் அன்றைய நிலைமையை, அதாவது எந்த வழி திறந்திருக்கிறது, யானை எந்தப் பக்கம் நிற்கிறது, புல் எவ்வளவு காய்ந்திருக்கிறது, மழை எச்சரிக்கை என்ன என்பதை, ஒவ்வொரு விடுதி முகப்பிலும் எழுதிவைக்க வேண்டும். மூன்றாவது, ஓட்டுநர்களும் வழிகாட்டிகளும் விடுதிக்காரர்களும் ஒன்றுகூடி, ஒருவர் மறுத்த காரியத்தை இன்னொருவர் காசுக்காகச் செய்வதில்லை என்று சபதம் எடுக்க வேண்டும். முதல் இரண்டுக்குச் சர்க்கார் உதவி வேண்டும். மூன்றாவதற்கு உங்கள் மனம் ஒன்றே போதும்.

இதற்கு அவகாசம் அதிகம் இல்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அந்த ஆண்டு பெருவெள்ளம் சாலைகளை அறுத்துவிட்டதால் வரவேண்டிய கூட்டம் முழுதும் வரவில்லை. அடுத்த பூப்பு 2030-இல். அன்றைக்கு நாலா திசைகளிலிருந்தும் வரப்போகிற ஜனசமுத்திரத்தை நினைத்துப் பாருங்கள்! பூவைப் பறிக்காதே என்றும், பாதையை விட்டு இறங்காதே என்றும், யானைக்கு வழிவிடு என்றும் அவர்களிடம் சொல்லப்போகிறவர்கள் யார்? சென்னையிலிருந்தோ, திருவனந்தபுரத்திலிருந்தோ, டில்லியிலிருந்தோ யாரும் வந்து சொல்லமாட்டார்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும். இன்று இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அன்றைக்கு வழிகாட்டிகளாக நிற்பார்கள். மரியாதையாகவும் உறுதியாகவும் மறுக்கும் கலையை இன்றே அவர்களுக்குப் பழக்குங்கள். நம் மலையைப் பார்க்க வந்தவர் எல்லாரும் பார்த்துவிட்டுப் பத்திரமாகத் தம் வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்னும் பெயரை இந்த ஊர் எடுக்கட்டும்!